என் போனுக்குக் கேட்ட இருமல்

டுசல்டோர்ஃப்,
கார்த்திகை, ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மச்சான் ஐங்கரன் அறிய,

ஹனோவரில் நீரும் அஜிதாவும் பிள்ளைகளும் நல்லூரான் துணையால் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இவ்விடம் நானும் உம்முடைய அக்கா ரஞ்சினியும் சுகம் என்று எழுதத்தான் பேனை எடுத்தேன். ‘சுகம்’ என்பதைப் பாதி எழுதியதும் கை நின்றுவிட்டது. வியாபாரி வாயால் என்னவும் சொல்லலாம், எழுத்தில் கொடுக்கக் கூடாது என்பது என் கொள்கை. ஆகையால் அந்தச் சொல்லை வெட்டிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள், அத்தானுக்கு மூளை பிசகிவிட்டதோ என்று யோசிக்க வேண்டாம். போனில் பேசலாம்தான், ஆனால் போன் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் அதை வீட்டில் சாப்பாட்டு மேசையில் மறந்ததுபோல விட்டுவிட்டு, சாமான் அடுக்கப் போகிறேன் என்று சொல்லி, ஞாயிறு என்று பூட்டிக் கிடக்கிற எங்கள் மரக்கறிக் கடைக்குள் வந்து, கோதுமை மாப் பெட்டியின் மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குப் பெட்டிதான் காரணம், பயம் அல்ல. சரி, பயமும்தான்.

போன ஆவணியில் நீர் இங்கே வந்தபோது நடந்தது உமக்கு மறந்திருக்காது. கடைக்குப் பின்னால் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நான் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு நின்றேன். நீர் வந்து மூக்கைச் சுழித்தீர். “அத்தான், உந்தச் சுவாசப்பையை ஒருக்காலாவது செக் பண்ணிப் பாத்தனீங்களோ?” என்றீர். “வெண்டிக்காய் எண்டால் நுனியை முறிச்சுப் பாப்பன், சுவாசப்பையை எப்பிடிக் காணும் முறிக்கிறது?” என்று நான் கேட்டேன். “அதுக்குத்தான் அப் இருக்கு” என்று என் கையிலிருந்த போனைப் பிடுங்கி ஒரு செயலியை ஏற்றினீர். சிகரெட்டால் வருகிற நோய் வருத்தத்தை அது வர முன்னமே பிடித்துவிடுமாம், இருமலைக் கேட்குமாம், மூச்சைக் கேட்குமாம், குரலைக் கேட்குமாம், நான் ஒன்றும் செய்யத் தேவையில்லையாம், போன் பக்கத்தில் கிடந்தால் போதுமாம். அசல் விற்பனைக்காரன் மாதிரிப் பேசினீர். நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் விற்றுப் பிழைக்கிறவன், விற்கிறவன் பேச்சை நான் நம்பியிருக்கக் கூடாது. நம்பினேன். அதிலிருந்து தொடங்கியது எல்லாம்.

முதலாவது, அந்தச் செயலி காலையில் கேள்வி கேட்கிறது. ஒரு ஜேர்மன் பெண் குரலில், பல் விளக்க முன்னமே, “இன்று புகைத்தீர்களா?” என்று கேட்கிறது. அந்தப் பாசையில் ‘யா’ என்று சொல்ல எனக்குத் தெரியாதா? நகரசபையிலும் வரிக்கந்தோரிலும் எத்தனை ‘யா’ சொல்லியிருப்பேன். ஆனால் தேத்தண்ணி குடிக்க முன்னம் யாழ்ப்பாணத்தான் வாயில் வேறு என்ன வரும்? “ஓம்” என்றேன். போன் கோயில் மணி மாதிரி ‘டிங்ங்ங்’ என்றது. தண்ணீர் ஓடுகிற சத்தம் வந்தது. “மிக நன்று, ஆழமாக மூச்சை இழுங்கள், தியானத்தைத் தொடருங்கள்” என்றது. இந்த நாட்டுச் சனத்துக்கு ‘ஓம்’ என்றால் சம்மணம் கட்டிக் கண்ணை மூடுவது, எங்களுக்கு ‘ஓம்’ என்றால் ‘ஆம்’. நான் புகைத்தேன் என்று உண்மை சொல்ல, அது நான் தியானம் செய்தேன் என்று பதிந்துகொண்டது. அடுத்த நாள், “படியேறினால் மூச்சு வாங்குகிறதா?” என்று கேட்டது. கொஞ்சம் அழுத்திச் சொல்லிப் பார்ப்போம் என்று “ஓம், ஓம்” என்றேன். அன்றைக்கு ஒரு தாமரைப் பூப் படம் பரிசாக வந்தது. ரஞ்சினி எட்டிப் பார்த்துவிட்டு, “விளக்கு வைக்கக் கூப்பிட்டால் கால் நோகுது எண்டுவியள், உங்களுக்குப் போன் தாமரைப்பூத் தருதே!” என்றாள். திருத்துவது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. உம்மிடம் கேட்க வெட்கம். அப்படியே விட்டுவிட்டேன். அந்தச் செயலியின் கணக்கில் நான் சிகரெட்டைத் தொடாத சாமியார் ஆகிவிட்டேன்.

இரண்டாவது, என்னுடைய கெட்டித்தனம். இது எல்லாவற்றையும் கேட்கிற சாமான் என்றால் லைட்டர் தட்டுகிற சத்தமும் கேட்குமே. கேட்டால், அதை ஏற்றிவிட்ட உமக்குச் சொல்லும், நீர் அக்காவுக்குச் சொல்லுவீர். அவளுக்கோ நான் நன்றாகக் குறைத்துவிட்டதாகச் சொல்லி வைத்திருந்தேன். ஆகையால் பின்னால் சிகரெட் பத்தப் போகும் போதெல்லாம் போனை முன்னுக்குத் தராசுக்குப் பக்கத்தில், காசு வாங்குகிற ரஞ்சினியின் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவேன். அது அங்கே நல்ல பிள்ளையாகக் கிடக்கும். நான் இங்கே நிம்மதியாக ஊதுவேன். மச்சான், இந்தப் பந்தியை மட்டும் இரண்டு தரம் வாசியும். நான் பட்டதெல்லாம் இந்த இடத்திலிருந்துதான்.

புரட்டாதியில், செயலியில் என் சுவாசப்பையின் நிலையைக் காட்டுகிற வட்டம் பச்சையிலிருந்து மஞ்சளாகியது. மஞ்சள் செம்மஞ்சளாகியது. தக்காளி பழுக்கிறதுபோலப் பழுத்து, ஒரு வியாழக்கிழமை, நான் முருகேசு அண்ணைக்கு முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டிருந்த நேரத்தில், கடுஞ்சிவப்பாகிக் கடை முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசத் தொடங்கியது. “புகைப்பழக்கம் இல்லாத ஒருவருக்கு இவ்வளவு இருமல் வழமையானது அல்ல. தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள்.” முருகேசு அண்ணைக்குக் காது மந்தம். “என்ன தம்பி, பெட்டை என்ன சொல்லுறாள்?” என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன். “முருங்கைக்காய் முத்தலாம், அண்ணை.” “அப்ப எனக்கு வேண்டாம்” என்று அந்த மனிசன் கட்டு முழுவதையும் திருப்பி வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் போனால் எனக்கு வந்த முதல் வியாபார நட்டம் அது.

பயத்தில் சிகரெட்டை விட்டேனா என்று கேட்பீர். உமக்கு நான் பொய் சொல்லவில்லை. பயத்தில் கூடிவிட்டது. சிவப்பு வட்டத்தைப் பார்ப்பேன், நெஞ்சு இடிக்கும், இடிக்கிற நெஞ்சை அடக்கப் பின்னால் போய் ஒன்று பற்றவைப்பேன், திரும்பி வந்தால் வட்டம் இன்னும் சிவந்திருக்கும். எனக்கு இருமல் இருப்பதாகவே எனக்குத் தெரியாது, ஆனால் போன் சொல்கிறது, அது பொய் சொல்லுமா? ஒருவேளை என்னை அறியாமல் இருமுகிறேனோ, இருமல் பழகிப்போய்க் காதில் விழாமல் போய்விட்டதோ என்றெல்லாம் யோசித்தேன். பிறகு ஒரு நாள் ரஞ்சினி கடையின் பின் குசினியில் கறித்தூளுக்கு மிளகாய் வறுத்தாள். உமக்குத் தெரியும், உம்முடைய அக்கா மிளகாய் வறுத்தால் எங்கள் கடை மட்டும் அல்ல, அந்தத் தெருவே இருமும். எதிர்ப்பக்கத்துப் பூக்கடைக்காரி கதவையும் சாத்தி யன்னலையும் சாத்துவாள். “ஆகா, பிடிச்சிட்டன், இது மிளகாய் இருமல்!” என்று சந்தோசப்பட்டேன். அந்தச் சந்தோசம் அடுத்த நாள் வரைக்கும்தான். அன்று மிளகாயும் இல்லை, மல்லியும் இல்லை, செயலி மட்டும் இருமல் இருமலாக எழுதிக்கொண்டே போனது.

பிறகு சுவாசப்பை வைத்தியரைப் பார்க்க ரெர்மின், அதாவது நாளும் நேரமும், கேட்டேன். மாசிக்குத்தான் இடம் இருக்கிறதாம். வருத்தத்தை முன்கூட்டியே பிடிக்கிற செயலி என்று சொன்னீரே, அது பிடித்ததை மாசி வரைக்கும் நான் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்கிறது? நல்ல காலம், அங்கே போன் எடுக்கிற பெண் எங்கள் கடையில் றம்புட்டான் வாங்குகிறவள். “புதுப்பெட்டி வந்திருக்கு” என்று மட்டும்தான் சொன்னேன். ஐப்பசியிலேயே இடம் கிடைத்தது.

வைத்தியர் ஒரு பெண், உயரமானவர், சிரிக்காத முகம். ஒரு குழாயைத் தந்து ஊதச் சொன்னார். “ஊதுங்கள், ஊதுங்கள், இன்னும், இன்னும், நிறுத்தாதீர்கள்” என்று சந்தையில் ஏலம் போடுகிறவர் மாதிரிக் கத்தினார். படம் எடுத்தார். பிறகு என் போனை வாங்கி, செயலி எழுதி வைத்திருந்ததை ஆறுதலாகப் பார்த்தார். “ஹெர் சிவ... குரு... நாதன்,” என்று என் பேரை மூன்று துண்டாக வெட்டிக் கூப்பிட்டு, “நீங்கள் மிகவும் அதிகமாகத் தியானம் செய்கிறீர்கள்” என்றார். வைத்தியரிடம் ஒளிக்கக் கூடாது. “அது தியானம் இல்லை, சிகரெட்” என்று சொல்லி, ‘ஓம்’ கதையை விளங்கப்படுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். யன்னல் பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. திரும்பியபோது பழையபடி சிரிக்காத முகம்.

“உங்கள் சுவாசப்பை இன்னும் கெட்டுப்போகவில்லை. கெடுவதற்கு எல்லா ஆயத்தமும் செய்து வைத்திருக்கிறீர்கள். இப்போது விட்டால் இந்த அளவோடு நிற்கும்” என்றார். எனக்கு உயிர் திரும்பி வந்தது. எழும்பிக் கைகொடுக்கப் போனேன். “இருங்கள். இந்த இருமல் உங்களுடையது அல்ல. வந்த நேரம் தொடக்கம் நீங்கள் ஒரு தரம்கூட இருமவில்லை. இந்தச் செயலி பக்கத்தில் யார் இருமினாலும் உங்களுடைய பெயரில்தான் எழுதும்” என்று சொல்லிப் போனை என் பக்கம் திருப்பினார். இருமல் விழுந்த நேரங்கள் அதில் கோடு கோடாக இருந்தன. கடை திறந்த கையோடு, மத்தியானச் சாப்பாடு முடிய, பின்நேரத் தேத்தண்ணிக்கு முன்... “இந்த நேரங்களில் நீங்கள் என்ன செய்வீர்கள்?”

நான் பார்த்தேன். எல்லாம் நான் சிகரெட் பத்தப் போகிற நேரம். போன் தராசடியில் கிடக்கிற நேரம். தராசடியில் இருப்பது ஒரே ஒரு ஆள், என் மனைவி என்றேன்.

“உங்கள் மனைவி புகைப்பாரா?” என்று வைத்தியர் கேட்டார். இல்லை என்றேன். “நீங்கள் வீட்டுக்குள் புகைப்பீர்களா?” குளிர்காலத்தில் மட்டும், குசினி யன்னலடியில் என்றேன். “வாகனத்தில்?” சந்தைக்குப் போகிற எங்கள் வான் வண்டியில் ரஞ்சினி பக்கத்தில் இருப்பாள், குளிருக்குக் கண்ணாடி ஏற்றியிருக்கும். வைத்தியர் என்னை ஏசவில்லை. “அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்” என்றார், அவ்வளவுதான். ஏசியிருந்தால் திருப்பி ஏசியிருப்பேன்.

வெளியில் வந்து, வாகனத் தரிப்பிடத்துக் குப்பைத் தொட்டியில் சிகரெட் பெட்டியையும் லைட்டரையும் எறிந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை தொடவில்லை. ஐங்கரன், எனக்கு வருத்தம் என்று நினைத்தபோது பயம் அந்தப் பெட்டியைத் திறக்க வைத்தது. அவளுக்கு என்று தெரிந்ததும் பெட்டியையே எறிய வைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்து நேராகக் கேட்டேன். “ரஞ்சினி, உமக்கு இருமல் ஏதும் இருக்கோ?” “எனக்கோ? என்ன விசர்க் கேள்வி” என்றாள். “நெஞ்சுக்குள்ளை இழுக்கிற மாதிரி?” “நெஞ்சுக்குள்ளை உங்கடை கரைச்சல்தான் இழுக்குது, அங்காலை தள்ளுங்கோ.” கல்லுமாதிரி நின்று மறுத்துவிட்டாள். அடுத்த நாள் கடையில், சிகரெட்டுக்குப் போகிறவன்போலப் போனைத் தராசடியில் வைத்துவிட்டு, பின்கதவை மூடி அதன் பின்னால் காதை வைத்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு வந்தது. ‘கொஃக், கொஃக், கொஃக்’ என்று அடிவயிற்றிலிருந்து, தகரத்தைக் கல்லில் தேய்க்கிற மாதிரி. கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். உம்முடைய அக்கா தராசைத் துணியால் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள்! மச்சான், காலில் ஒரு சின்னக் காய்ப்பு வந்தாலும் ஒரு கிழமைக்குக் கடைக்கு வருகிற சனம் எல்லாருக்கும் சப்பாத்தைக் கழற்றிக் காட்டுகிறவள். அப்படிப்பட்டவள் இதை மறைக்கிறாள் என்றால், அவளுக்கே ஏதோ தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து தினமும் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறேன். தினமும் கேட்கிறது. என்னைக் கண்டதும் அடக்கிக்கொள்கிறாள்.

மிளகாய் வறுப்பதை நிறுத்திவிட்டேன். பக்கற்றுத் தூள் இறக்கினேன். “பக்கற்றுத் தூளோ? சனம் காறித் துப்பும்!” என்று சண்டைக்கு வந்தாள். சுகாதாரக் கந்தோரில் புதுச் சட்டம் வந்திருக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன். வானைக் கழுவினேன். குசினித் திரைச்சீலையைத் தோய்த்தேன். தோய்க்கிற என்னை அவள் பார்த்த பார்வையில், எனக்குத்தான் மூளையில் வருத்தம் என்று நினைக்கிறாள்.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை காலையில் அவளுக்கு அதே வைத்தியரிடம் ரெர்மின் எடுத்திருக்கிறேன். அவளுக்குச் சொல்லவில்லை. நான் சொன்னால் வரமாட்டாள், நீர் சொன்னால் வருவாள், தம்பி சொல் அவளுக்கு வேதம். ஆகையால் திங்கள் பின்நேரமே நீர் வந்துவிட வேண்டும். ஏன் வந்தீர் என்று கேட்டால் பழைய கார் ஒன்று பார்க்க வந்ததாகச் சொல்லும். செவ்வாய் காலை அவளைக் கூட்டிக்கொண்டு போவோம், அஜிதாவும் வந்தால் கடையைப் பார்ப்பாள், சனத்தை வெண்டிக்காய் நுனி முறிக்க மட்டும் விட வேண்டாம் என்று சொல்லும். நான் முறித்துப் பார்ப்பது வேறு, அவர்கள் முறிப்பது வேறு. எது நடந்தாலும் ரஞ்சினிக்கு இது ஒன்றும் தெரியக் கூடாது. உம்முடைய செயலியைப் பற்றி எனக்குக் கோபம் இருக்கிறது. ஆனால் அது இல்லாவிட்டால் இது எனக்குத் தெரியாமலே போயிருக்கும் என்பதால், கோபத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.

அஜிதாவுக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு முத்தம், நல்லாய்ப் படிக்கச் சொல்லும். உங்கள் எல்லாருடைய மூச்சும் சீராக ஓட அந்த முருகன் அருள்வான்.

இப்படிக்கு,
உம்முடைய அத்தான்
சிவகுருநாதன்

பி.கு.: கடிதத்தை மடிக்க முன்னம் கடைக்கதவு திறந்தது. ரஞ்சினி, ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, மற்றக் கையில் என் போன். “போனை விட்டிட்டு வந்திட்டியள், அதுதான் கொண்டு வந்தனான்” என்றாள். நான் தாளை மாப் பெட்டிக்குள் திணிக்க, அவள் இழுக்க, அவள் கை வென்றது. நின்ற நிலையில் முழுக்க வாசித்தாள். பாதியில் சிரிக்கத் தொடங்கி அரிசி மூட்டையில் இருந்துவிட்டாள்.

அந்த இருமல் நடிப்பாம், மச்சான். நான் போனை வைத்துவிட்டுப் பின்னால் போகும் போதெல்லாம், அவள் அதை எடுத்து வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு இருமுவாளாம். சிவப்பாக வந்தால் பயத்தில் நான் சிகரெட்டை விடுவேனாம். இதைச் சொல்லிக் கொடுத்தது நீராம்! எனக்குச் செயலியைத் தந்துவிட்டு அவளுக்குச் செய்முறையைத் தந்திருக்கிறீர். நான் விட்ட பிறகும் ஏன் இருமினீர் என்று கேட்டேன். “நீங்கள்தானே ஒவ்வொரு நாளும் பின்னாலை போனனீங்கள். சிகரெட் மணக்கேல்லைத்தான். பெருஞ்சீரகம் சப்பிப்போட்டு வாறியள் எண்டு நினைச்சன்” என்றாள். அவள் இருமலைக் கேட்க நான் போக, நான் பத்தப் போகிறேன் என்று அவள் இரும, இப்படி ஒரு மாதம் வியாபாரம் நடந்திருக்கிறது.

சிரித்து முடிய, கடிதத்தை இன்னொருக்கால் எடுத்து ஒரு இடத்தை மட்டும் வாசித்தாள். “உங்களுக்கு எண்டு நினைச்சபோது விடேல்லை. எனக்கு எண்டதும் விட்டிட்டியளே” என்றாள். மா ஒட்டியிருந்த என் சட்டைக் கையைத் தட்டிவிட்டாள். பிறகு இருமினாள். பெரிய இருமல் இல்லை, இரண்டு தரம், மெதுவாக, முகத்தை அங்கால் திருப்பிக்கொண்டு.

“இதுவும் நடிப்போ?” என்று கேட்டேன்.

“ஓம்” என்றாள்.

அவள் கையிலிருந்த போன் ‘டிங்ங்ங்’ என்றது. தண்ணீர் ஓடியது. மிக நன்று, தியானத்தைத் தொடருங்கள் என்றது.

ஆகையால் மேலே எழுதினதில் செவ்வாய்க்கிழமை ரெர்மினைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வாசியும். திங்கள் பின்நேரம் வாரும்.